பூட்டைக் கழற்றக் கூடுதல் காசு

வண்டி வாத்தியாரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டு வகை மனிதர்கள் உண்டு. ஒரு வகை தப்புச் செய்கிறவர்கள். இன்னொரு வகை அவர். இந்தக் கணக்கில் அவருக்கு இந்த வயது வரை சந்தேகம் வந்ததே இல்லை.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். மைதானத்தின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறைதான் பள்ளிக்கூடம். ஒரு மேசை, சாலைக் குறிகள் அச்சடித்த அட்டை, சுவரில் முடுக்கி வைத்த பழைய ஸ்டீயரிங். புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் அந்த ஸ்டீயரிங்கைத்தான் திருப்ப வேண்டும். சுவரை ஒழுங்காக ஓட்டியவருக்குத்தான் வண்டி. பயிற்சி வண்டிகளில் வாத்தியார் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். ஆபத்து வந்தால் மிதிப்பதற்காக வைத்தது அது. இவர் காலுக்கு ஆபத்து வரும்வரை காத்திருக்கும் பொறுமை கிடையாது. எதிரே பூனை வந்தாலும் மிதிப்பார், பூனை வரக்கூடும் என்று தோன்றினாலும் மிதிப்பார். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'ரெண்டாம் பிரேக்கு' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வண்டிக்குள் பாட்டு ஓட வேண்டும் என்பது அவருடைய இன்னொரு சட்டம். பாட்டைக் கேட்டுக்கொண்டே கியர் மாற்றப் பழகினவன் கடைத்தெருவின் ஹாரன் சத்தத்தில் கை நடுங்க மாட்டான் என்பார். இதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அவர் பேச்சில் உண்மை இருக்கும் இடங்கள் குறைவு என்பதால் இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். நேர்ச் சாலைக்கு ஒரு பாட்டு, மேட்டில் நிறுத்தி எடுப்பதற்கு ஒன்று, தகர டிரம்களுக்கு நடுவே பின்பக்கமாக வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவதற்கு வார்த்தையே இல்லாத ஒரு வயலின். வயலின் முடியும்போது வண்டி நின்றிருக்க வேண்டும். டிரம்மில் இடித்தால் வயலினை முதலிலிருந்து போடுவார்.

அந்தப் பாட்டுகளை அவர் காசு கொடுத்து வாங்கினார். ஊரே ஓசியில் இறக்கிக் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், இணையத்தில் இருந்த ஒரு பாட்டுக் கடையில் கணக்குத் திறந்து ஒவ்வொன்றாக வாங்கினார். நல்ல காரியம்தான், பாராட்டலாம். ஆனால் பாராட்டுவதற்கு அவர் மற்றவர்களுக்கு எதையும் மிச்சம் வைப்பதில்லை. முழுவதையும் தாமே பாராட்டி முடித்துவிடுவார்.

"என் வண்டியில ஓடுற பாட்டு ஒவ்வொண்ணுக்கும் ரசீது இருக்கு. உங்க போன்ல இருக்குறதுக்கு இருக்கா?" என்று, வளைவில் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் மாணவரிடம் கேட்பார். அந்த ஆள் பதில் சொல்லத் திரும்புவார். உடனே ரெண்டாம் பிரேக். "ரோட்டப் பாருங்க! பேசும்போது ரோட்டப் பாக்கணும்னு சொல்லலையா?"

அந்தக் கடை பாட்டோடு சேர்த்துப் பூட்டையும் விற்றது. வாங்கியவர் தம் கணக்கில் பதிந்துவைத்த ஐந்து கம்ப்யூட்டர்களில்தான் பாட்டு பாடும். ஆறாவதில் வாயைத் திறக்காது. பென்டிரைவில் போட்டு வண்டியில் சொருகினாலும் திறக்காது. வேண்டுமானால் சொந்த உபயோகத்துக்கு டிஸ்க்கில் எழுதிக்கொள்ளலாம் என்று கடையே ஒரு வழி விட்டிருந்தது. நிபந்தனைகளில் தெளிவாகவே போட்டிருந்தார்கள். வாத்தியார் நிபந்தனைகளைப் படிக்காமல் 'ஏற்கிறேன்' என்பதை அழுத்தினார். படிக்காததோடு நிற்காமல், டிஸ்க்கில் எழுதுவது திருட்டு என்று தாமாகவே ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்கொண்டார்.

அதனால் அவர் வண்டியின் பின் சீட்டில் ஒரு மடிக்கணினி பெல்ட் போட்டுக்கொண்டு பயணம் செய்தது. அதிலிருந்து ஒரு ஒயர் முன்னால் வந்து ஸ்பீக்கரில் சேரும். அவர் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் அது பெல்ட்டிலிருந்து நழுவி, சீட்டுக்குக் கீழே போய் விழும். விழுந்து விழுந்து வருஷத்துக்கு ஒருமுறை மந்தமாகும். மந்தமானால் அவருக்கு வைரஸ் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் உள்ளே இருப்பதை அடியோடு துடைத்து எறிந்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்றுவார். மற்றவர்கள் காய்ச்சலுக்கு மாத்திரை போட்டால், இவர் ஆளைப் புதைத்துவிட்டு வேறு பிள்ளை பெறுகிற ரகம்.

அவருடைய தம்பியும் அதே பள்ளியில்தான் இருந்தான். வெளியே பலகையில் 'சகோதரர்கள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி' என்றுதான் எழுதியிருந்தது. அண்ணனுக்கு ஒரு வண்டி, தம்பிக்கு ஒரு வண்டி. தம்பிக்கு கியர் மாற்றக் கற்றுக்கொடுத்தவரே வாத்தியார்தான். அவன் முதன்முதலாக மேட்டில் வண்டி பின்னால் நழுவாமல் எடுத்த அன்று, வாத்தியார் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதிருக்கிறார். பாசம் இல்லாத மனிதர் இல்லை. அதைக் காட்டினால் தம் உயரத்தில் ஒரு சாண் குறைந்துவிடும் என்று யாரோ அவருக்குச் சொல்லிவைத்திருந்தார்கள் போலிருக்கிறது.

தம்பி சாது. அவன் காலடியிலும் அந்தப் பிரேக் இருந்தது, அவன் அதைத் தேவைக்குத்தான் மிதிப்பான். அதனாலேயே மாணவர்கள் அவன் வண்டிக்கு முந்திக்கொண்டார்கள். அவனுக்கும் பாட்டு வேண்டுமே என்று, வாத்தியார் பெரிய மனது பண்ணி, தம் கணக்கின் ஐந்து அனுமதிகளில் ஒன்றைத் தம்பி மேசையில் இருந்த கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார். 'தம்பி ஆபீஸ்' என்று அதற்குப் பெயரும் பதிந்தார். அது போதாதா? தம்பி ஒருநாள், கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏற முடியாதே என்று, பாட்டுகளை ஒரு டிஸ்க்கில் எழுதி வண்டியில் போட்டுவிட்டான்.

அன்றைக்கு அந்த வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவர் தம்பியின் மாமனார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ள வந்த மனிதர். வயலின் இசைக்க, டிரம்களுக்கு நடுவே அவர் மெதுவாகப் பின்னால் வந்துகொண்டிருந்தார். வாத்தியார் குறுக்கே போய் நின்று, கதவைத் திறந்து, டிஸ்க்கை வெளியே எடுத்தார்.

"இது என்ன?"

"பாட்டுண்ணே. நீ வாங்குனதுதான்," என்றான் தம்பி.

"நான் வாங்குனத நீ எழுதுனா அதுக்கு என்ன பேரு? திருட்டு. ஒரே வீட்ல திருடனையும் வச்சுக்கிட்டு நான் ஊருக்கு ஒழுக்கம் சொல்லிக் குடுக்குறேன் பாரு!"

மாமனார் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி குனிந்துகொண்டார். மைதானத்தில் முறைக்காகக் காத்திருந்த மாணவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். தம்பி மாமனாரை இறக்கி வீட்டுக்கு அனுப்பினான். தன் கம்ப்யூட்டரையும் வண்டியையும் எடுத்துக்கொண்டு போனான். அடுத்த நாள் மாலை வாத்தியார் ஏணி போட்டு ஏறி, பலகையில் 'சகோதரர்கள்' என்ற சொல்லின்மேல் வெள்ளை அடித்தார். ஒரு பூச்சில் சரியாக மறையவில்லை. எழுத்து மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது. இரண்டாம் பூச்சு அடிக்க அவருக்குக் கை வரவில்லை, வெள்ளை தீர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது மனைவியிடம் சட்டம் போட்டார்.

"இனிமே இந்த வீட்ல அவன் பேரை எடுத்தா எனக்குச் சாப்பாடு வேணாம். தெரிஞ்சுதா?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"அவனைப் பத்தியா?"

"ஆமா."

"அப்ப வேணாம்."

அவள் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போனாள். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பெண் அவள். வாத்தியாருக்கு அது ஒரு வசதியாகவே இருந்துவந்தது.

தம்பி அதே சாலையின் மறுகோடியில் சொந்தமாகப் பள்ளி தொடங்கினான். ஒரே சாலையில் இரண்டு பள்ளி என்றால் இரண்டுக்கும் அரை வயிறுதான். "அங்க போனா லைசென்ஸ் கிடைக்கும், ஒழுக்கம் கிடைக்காது" என்று வாத்தியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். வந்தவர்களுக்கு லைசென்ஸ்தான் வேண்டியிருந்தது. இப்படியே சில வருஷங்கள் ஓடின. எதிரெதிரே இரண்டு வண்டியும் வந்தால் தம்பி ஓரம் கட்டி வழி விடுவான். வாத்தியார் நேரே பார்த்துக்கொண்டு போவார்.

பிறகு ஒரு வாரத்தில் இரண்டு செய்திகள் வந்தன.

முதல் செய்தியை மனைவி கொண்டுவந்தாள். பேரைச் சொல்லக்கூடாதே, அதனால் சுற்றிவளைத்துச் சொன்னாள். "ரோட்டுக் கடைசியில இருக்குற பள்ளிக்கூடத்த மூடுறாங்களாம். எங்கேயோ தூரத்து ஊர்ல பஸ் கம்பெனிக்கு டிரைவர்களப் பழக்குற வேலையாம். வீட்டையும் காலி பண்றாங்க. திரும்பி வர்ற மாதிரி இல்ல."

வாத்தியார் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். அவன் போய்விட்டால் எதிரே வந்து ஓரம் கட்டுவதற்கும் ஆள் இருக்காது. மூடுகிறவரை திறந்திருந்த கதவு அது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"போறதுக்குள்ள ஒரு நடை போய்ப் பேசிட்டு வாங்க," என்றாள் மனைவி. "மூத்தவரு போனா ஒண்ணும் குறைஞ்சு போயிடாது."

"பாக்கலாம்," என்றார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை. மனைவி அடுப்படிக்குப் போய்த் தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

இரண்டாவது செய்தி மடிக்கணினியிலிருந்து வந்தது. வழக்கம்போலக் கீழே விழுந்து, வழக்கம்போல மந்தமாகி, வழக்கம்போல அவர் துடைத்து எடுத்துப் புதிதாக ஏற்றியிருந்தார். பாட்டைத் தட்டினார். பாடவில்லை. 'உங்கள் கணக்கில் ஐந்து கம்ப்யூட்டர்கள் ஏற்கெனவே உள்ளன. ஒன்றை விடுவித்தால்தான் புதியதைச் சேர்க்க முடியும்' என்று வந்தது. எந்த ஐந்து என்று பார்க்க அதன் கீழேயே வழி இருந்தது. வாத்தியார் அதைத் தொடவில்லை. தெரிந்ததை எதற்குப் பார்ப்பது? ஒன்று தம்பியிடம் இருக்கிறது. இத்தனை வருஷமாக விடாமல் பிடித்துவைத்துக்கொண்டிருக்கிறான். தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவர்களுக்கு முயலை எண்ணிப் பார்க்கும் வேலை மிச்சம்.

"பாத்தியா? பாத்தியா அவன் வேலைய? எம் பொருளை வச்சுக்கிட்டுத்தான் ஊரை விட்டே போகப் பாக்குறான்," என்று அவர் மனைவியிடம் துள்ளினார். பேரை எடுக்கக்கூடாது என்ற சட்டம் அவருக்குக் கிடையாது.

"அது..." என்று ஆரம்பித்தாள் அவள்.

"நீ வக்காலத்து வாங்காத! அவனே வந்து, 'அண்ணே, இந்தா உன் அனுமதி'ன்னு விட்டுக் குடுக்கட்டும். அப்புறம் பேசுறத யோசிக்கிறேன். நானா போய் அவன் வாசல்ல நின்னு கேக்கணும்? எனக்கென்ன தலையெழுத்து?"

போகலாம் என்று பாதி கிளம்பியிருந்த கால் அப்படியே மடங்கி உட்கார்ந்துகொண்டது. வீம்புக்கு ஒரு சாக்குக் கிடைத்தால் போதும், ஆயுசு முழுக்க அதில் சாய்ந்துகொள்ளலாம்.

கடைக்காரர்களுக்கு இப்படிப்பட்டவர்களை மோப்பம் பிடிக்கும் மூக்கு உண்டு. அதே சமயத்தில்தான் அந்தப் பாட்டுக் கடை ஒரு புது அறிவிப்பைப் போட்டது. இனிமேல் பூட்டில்லாத பாட்டும் கிடைக்கும். விலை கொஞ்சம் கூடுதல். ஏற்கெனவே பூட்டோடு வாங்கியிருந்தாலும் கவலை வேண்டாம், பாட்டுக்கு இவ்வளவு என்று மேலே போட்டுக் கொடுத்தால் பூட்டைக் கழற்றித் தருவோம். எந்த வண்டியிலும் பாடும், யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை.

யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை! வாத்தியாருக்கு இந்த வரி தேனாக இருந்தது. தம்பி வாசலுக்குப் போகாமல் இருக்க ஒரு கடை வழி செய்துகொடுக்கிறதென்றால் அதற்குக் காசு ஒரு பொருட்டா? வண்டிக்கு கிளட்ச் மாற்ற எடுத்து வைத்திருந்த பணத்தை எடுத்தார். வாங்கியிருந்த பாட்டு அத்தனைக்கும், நேர்ச் சாலைப் பாட்டு, மேட்டுப் பாட்டு, வயலின், ஒரு தடவைகூட முழுசாகக் கேட்காத பாட்டுகள், எல்லாவற்றுக்கும் மேல்காசு கட்டினார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே கூலியை வாங்கிக்கொண்டவனே சுமையையும் தலையில் வைத்தவன்.

முடிதிருத்தும் கடையில் இதைப் பெருமையாகச் சொன்னபோது, கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த கடைக்காரருக்குச் சங்கதி பிடிபடவில்லை.

"பூட்டு போட்டது யாரு?"

"கடைதான்."

"கழட்டுறது?"

"அதே கடைதான். அதுக்குத்தான் கூடுதல் காசு."

அவர் வாத்தியாரின் கன்னத்தில் சோப்பு நுரையைத் தடவியபடி யோசித்தார். "அப்ப நானும் பாதி தாடிய எடுத்துட்டு, மீதிக்குத் தனியா காசு கேக்கலாம்ல?"

"உனக்கு இதெல்லாம் புரியாது," என்றார் வாத்தியார். கழுத்தில் கத்தி இருந்ததால் அதிகம் பேசவில்லை.

ஆனால் வண்டியில் பாட்டு பாடியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விரல் நீளப் பென்டிரைவைச் சொருகினார், பாடியது. பின் சீட்டு காலியாக இருந்தது. பிரேக்கை மிதித்தால் விழுவதற்கு ஒன்றுமில்லை என்பதால் இன்னும் தாராளமாக மிதித்தார். கிளட்ச் வழுக்கி, வண்டி மேட்டில் ஏறாமல் முனகியது. மாணவர்கள் தங்கள் கால்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். அவரும் அப்படியே நினைக்க விட்டார்.

ஒரு குறைதான். வயலினுக்கும் காசு கட்டியிருந்தார், அது மட்டும் பூட்டு கழலாமல் ஊமையாக நின்றது. கையில் இருக்கும் கடைசிக் காசு வரைக்கும் கணக்குக் கேட்கிற மனிதர் சும்மா இருப்பாரா? கடையின் உதவி எண்ணுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அறை அதிரப் பேசினார். மனைவி பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள். வயலினுக்குச் சற்று நேரத்தில் பூட்டு கழன்றுவிடும், மன்னிக்கவும் என்றாள். அத்தோடு வைத்திருந்தால் பிழைத்திருப்பார்.

"உங்க கடையோட விதியே சரியில்லைம்மா," என்று தொடங்கினார். "என் அனுமதி ஒண்ண இன்னொருத்தன் பிடிச்சு வச்சுக்கிட்டு விட மாட்டேங்குறான். அதனாலதான் நான் எல்லாத்துக்கும் மறுபடியும் காசு கட்ட வேண்டியதாப் போச்சு."

"ஒரு நிமிஷம் சார், பாக்குறேன்." விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. "இல்லையே சார். இன்னொருத்தர்கிட்ட எதுவும் இல்ல. அஞ்சும் உங்ககிட்டதான் இருக்கு."

"எங்கிட்ட ஒண்ணுதான் இருக்கு."

"ஒரே மடிக்கணினிதான் சார், அஞ்சு தடவை பதிஞ்சிருக்கு. நீங்க அதை அடிக்கடி துடைச்சுப் புதுசா ஏத்துவீங்களா?"

வாத்தியார் மூலையில் கிடந்த மடிக்கணினியைப் பார்த்தார்.

"துடைக்கிறதுக்கு முன்னாடி அனுமதிய விடணும் சார். விடாம துடைச்சா, கடை அதை வேற கம்ப்யூட்டர்னு எடுத்துக்கும். அப்படியே அஞ்சும் நிரம்பிடுச்சு. ஒரு போன் பண்ணியிருந்தீங்கன்னா அஞ்சையும் நாங்களே இலவசமா விடுவிச்சுக் குடுத்திருப்போம் சார்."

பக்கத்து அறையில் துணி உதறும் சத்தம் நின்றுவிட்டது.

"'தம்பி ஆபீஸ்'னு ஒண்ணு இருக்கணுமே," என்றார் வாத்தியார். குரல் இறங்கிவிட்டது.

"இருந்திருக்கு சார். அதை அந்தக் கம்ப்யூட்டர்லேர்ந்தே விட்டுட்டாங்க. ரொம்ப வருஷம் ஆச்சு." அவள் தேதியைச் சொன்னாள். காலை நேரம் என்றும் சொன்னாள்.

அந்தத் தேதியை வாத்தியாருக்கு நன்றாகத் தெரியும். அன்று மாலைதான் அவர் ஏணி போட்டு ஏறி வெள்ளை அடித்தார். அவர் 'சகோதரர்க'ளை அழிப்பதற்கு முன்பே, காலையிலேயே தம்பி அவர் பொருளை அவரிடம் திருப்பிக் கொடுத்திருந்தான். இத்தனை வருஷம் தம்பியிடம் இருப்பதாக அவர் பல்லைக் கடித்தது, இத்தனை காசு கொட்டிக் கழற்றியது, எல்லாம் அவர் கையாலேயே அவர் போட்ட பூட்டு. கூடுதல் காசுக்கு அவர் வாங்கியது தம்பியைப் பார்க்காமல் இருக்கும் உரிமை ஒன்றுதான்.

"வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" என்று கேட்டாள் அந்தப் பெண். வாத்தியார் போனை வைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்து அறை வாசலில் போய் நின்றார். "நாளைக்குத்தானே கிளம்புறாங்க?"

"காலையில," என்றாள் மனைவி, மடித்த துணியைப் பார்த்துக்கொண்டே.

"நீயும் வா."

அன்று பிற்பகல் முழுக்க அவர் தம் பாட்டுகள் எல்லாவற்றையும் இன்னொரு பென்டிரைவில் ஏற்றினார். பூட்டு இல்லையே, யார் தடுப்பது? எழுதிக் கொடுப்பது திருட்டு என்ற அவர் சட்டம் எங்கே போயிற்று என்று கேட்கக்கூடாது. இப்படிப்பட்டவர்களின் சட்டங்கள் அவர்கள் நின்ற இடத்திலிருந்து பார்க்கும்போது மட்டும்தான் நேராகத் தெரியும். வெறுங்கையோடு போக அவருக்குப் பயமாக இருந்தது. கையில் ஏதாவது இருந்தால் வாயால் சொல்ல வேண்டியதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார்.

காலையில் தம்பி வீட்டு வாசலில் சின்ன லாரி ஒன்று நின்றது. கட்டில் கால்கள், பாத்திரம் போட்ட சாக்கு, போர்வை சுற்றிய ஃப்ரிட்ஜ் எல்லாம் ஏறியிருந்தன. தம்பி மேலே நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தான். தலையில் நரை விழுந்திருந்தது. எதிர் எதிரே வண்டியில் கடந்தபோதெல்லாம் வாத்தியார் இதைப் பார்த்ததில்லை.

வருஷக்கணக்காகப் பேசாத தம்பியிடம் அவர் பேசிய முதல் வார்த்தை இது: "ஃப்ரிட்ஜைப் படுக்க வச்சா கம்ப்ரசர் போயிடும்."

தம்பி திரும்பிப் பார்த்தான். "வாங்கண்ணே. வாங்க அண்ணி." முன்பெல்லாம் 'வாண்ணே' என்பவன். "உக்காரக் கூட ஒண்ணும் இல்ல, எல்லாம் ஏத்தியாச்சு."

"பரவால்ல, நாங்க நிக்கிறோம்," என்றாள் வாத்தியார் மனைவி.

வாத்தியார் பென்டிரைவை நீட்டினார். "இந்தா. எல்லாப் பாட்டும் இருக்கு. பூட்டில்லாதது. நீ எந்த வண்டில வேணா போட்டுக்கலாம். தூரப் பயணம் இல்லையா."

தம்பி கீழே குனிந்து வாங்கினான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என் வண்டில இதைச் சொருக இடம் இல்லண்ணே. இன்னும் பழைய டிஸ்க் போடுறதுதான். இதைக் கேக்கணும்னா நான் டிஸ்க்கில எழுதணும்." குத்திக் காட்டுகிற மாதிரி சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

வாத்தியார் சுற்றி வளைக்கத் தெரியாமல் கேட்டார்: "அந்த அனுமதிய நீ அன்னைக்கே விட்டுட்டியாமே. ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

"சொல்ல வந்தேனே. அன்னைக்குச் சாயங்காலம் உங்க வீட்டுக்கு வந்தேன். நீங்க பலகைக்கு வெள்ளை அடிக்கப் போயிருந்தீங்க. அண்ணிகிட்டச் சொல்லிட்டுத்தான் போனேன். உங்களது எதுவும் எங்கிட்ட இல்ல, கோவம் ஆறுனதும் கூப்பிடச் சொல்லுங்க, வர்றேன்னு சொன்னேன். அப்புறம் நீங்க கூப்பிடவே இல்ல."

வாத்தியார் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். "நீ ஏன் சொல்லல?"

அவள் குரலை உயர்த்தவில்லை. "அன்னைக்கு ராத்திரியே சொல்ல வந்தேன். அவனைப் பத்தின்னா வேணாம்னீங்க. பேரை எடுத்தா சாப்பாடு வேணாம்னீங்க. எடுக்கல. நீங்களும் ஒருவேளைகூடச் சாப்பிடாம இருந்ததில்ல."

லாரி டிரைவர் எதையோ பார்ப்பதுபோல வண்டிக்கு முன்பக்கம் போய்விட்டார். வாத்தியார் காலுக்கடியில் ஒரு பிரேக்கைத் தேடினார். தரைதான் இருந்தது. தப்பு யார்மேல் என்று வாழ்நாள் முழுக்கச் சுட்டிக்கொண்டிருந்த விரலை நீட்ட அங்கே வேறு ஆளே இல்லை. மனைவியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், ஏறியிருந்த சாமான்களைப் பார்த்தார். ஒரே சாலையில் இரண்டு பள்ளி வைத்து இரண்டு குடும்பமும் அரை வயிறாக இருந்திருக்க வேண்டியதில்லை. இந்த லாரி இங்கே வந்திருக்க வேண்டியதில்லை.

"தப்பு என்னோடதுதான்டா," என்றார்.

சொல்லிவிட்டார். பிறந்ததிலிருந்து அவர் வாயில் வராத வாக்கியம். இப்படி ஒரு மூத்தவர் இறங்கி வந்து சொன்னால், எதிரே இருப்பவர் பதறிப்போய் 'ஐயையோ, என்ன பேச்சுண்ணே இது, அப்படியெல்லாம் இல்ல' என்று குறுக்கே விழ வேண்டும். உடனே இவர் 'இல்ல இல்ல' என்பார், அவர்கள் 'விடுங்கண்ணே' என்பார்கள், தப்பு நடுவில் எங்காவது தொலைந்து போகும். அதுதானே உலக வழக்கம். வாத்தியார் அதற்காகக் கண்களில் நீர் கோத்தபடி காத்து நின்றார்.

தம்பி கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கினான்.

"ஆமாண்ணே," என்றான்.

அவன் முகத்தில் கோபம் இல்லை. மீதிக் கயிற்றைச் சுருட்டி அவர் நின்ற பக்கம் வீசினான். "இதக் கொஞ்சம் இழுத்துப் புடிங்க."

வாத்தியார் பிடித்தார்.

"இன்னும் கொஞ்சம்," என்றான் தம்பி.

அவர் இழுத்தார்.